நான் போகாத இடங்கள்

என் மனைவி ஒளித்துவைத்த ஏழு பெட்டிகளையும் முதலில் கண்டுபிடித்தவன் சம்பத். ஒன்றிரண்டு என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பேன். ஏழு என்பதற்கு வேறு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயரை வாயால் சொல்லாமல் பதினான்கு மாதம் ஓட்டினேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஏழில் ஒன்றைக்கூட நான் கண்டுபிடித்ததில்லை. முதலில் மட்டுமல்ல, கடைசியிலும் இல்லை. குழுவில் நாற்பத்திரண்டு பேர். மூட்டு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவர்கள்கூட இருக்கிறார்கள். வாணியின் பெட்டிகளில் பெயர் எழுதாத ஒரே ஆள் வாணியின் புருஷன்.

வெளியூரில் இதை ஜியோகேச்சிங் என்பார்கள். எங்கள் கோவைக் குழுவில் பெட்டி என்றால் போதும். ஒருவர் சின்னதாக ஒரு பெட்டியை ஊருக்குள் எங்காவது ஒளித்துவைப்பார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போய், உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தாளில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது. மற்ற ஊர்களில் போன் சரியான புள்ளியையே காட்டிவிடும். நாங்கள் புள்ளி தருவதில்லை. அரை கிலோமீட்டருக்கு ஒரு வட்டம், ஒரு வரித் துப்பு, அவ்வளவுதான். தாளின் முதல் வரியில் எழுதுகிறவருக்கு முதல் கை என்று பெயர். ஒருவர் ஒளித்ததை அடுத்தடுத்து முதல் கையாக எடுப்பவனுக்கு அவருடைய மனசு தெரியும் என்பது எங்கள் கூட்டத்தின் நம்பிக்கை. விளையாட்டாகத்தான் சொல்வார்கள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் இரவு ஷிப்ட் பார்த்தேன். அதை விட்டு மூன்று வருஷம். இப்போது வேலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வாணிக்கு நூல் மில்லில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. வீடு அவள் சம்பளத்தில் ஓடுகிறது. அவள் போய்விட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு பைக்கும் கெட்டுப்போன தூக்கமும்தான். இதை நான் தினமும் நினைப்பேன், பல் துலக்கும்போது.

பொறாமைக்காரன் செய்வதையெல்லாம் செய்தேன். அவள் குளிக்கும் நேரத்தில் போனை எடுத்து அழைப்புகளையும் செய்திகளையும் பார்த்தேன். சம்பத்தின் பெயர் குழுவில் மட்டும் இருந்தது. அதுவும் பெரும்பாலும் ஒரு பெருவிரல் படம். அவன் அழகனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன், நாற்பத்தைந்து வயது, தொப்பை, நகக் கண்ணில் வார்னிஷ் கறை. இவனுக்குத் தெரிகிற அவள் மனசு எனக்குத் தெரியவில்லை என்பதுதான் இன்னும் எரிந்தது.

வாணியின் எட்டாவது பெட்டிக்கான கூட்டம் சிங்காநல்லூர் குளக்கரையில், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு. கூட்டம் நடத்துவது ரெஜினா டீச்சர். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, கழுத்தில் எப்போதும் விசில். மடக்கு மேசையில் தேங்காய் பன்னும் ஃபிளாஸ்க்கில் டீயும் வைத்திருந்தார்.

"வாங்க நந்து. இன்னிக்காச்சும் உங்க ஊட்டம்மா பெட்டியத் தொட்டுப் பாப்பீங்ளா?" என்று பன்னை மென்றுகொண்டே ஒருவர் கேட்டார்.

"அவருக்கு வட்டமெல்லாம் பத்தாதுங். அம்மணி கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி விடோணும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எல்லோரும் சிரித்தார்கள். வாணியும் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

விதிப்படி அவள் தன் போனை டீச்சரின் பையில் போட்டாள். ஒளித்தவர் யாருக்கும் ரகசியமாகத் துப்பு அனுப்பக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. முதல் கை விழுந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஒளித்தவரின் வீட்டு ஆட்களுக்கு இன்னொரு விதி. முதல் அரை மணி நேரம் அவர்கள் தேடக் கூடாது.

டீச்சர் துப்பை வாசித்தார். "கண் மூடாதவை படுத்திருக்கும் இடம்." விசில் ஊதினார்.

பாதிப் பேர் பிள்ளையார் கோவில் பக்கம் ஓடினார்கள். சிலைக்குக் கண் மூடாது என்ற கணக்கு. மீதிப் பேர் பூங்காவில் இருக்கும் சிமெண்ட் மான்களைத் தேடிப் போனார்கள். சம்பத் ஓடவில்லை. கையில் பாதிப் பன்னோடு கரையில் நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போனேன்.

"சம்பத், ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லுங்க. எடம் எங்கன்னு வாணி உங்களுக்குச் சொல்றாளா?"

அவன் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் பன்னைக் காகிதத்தில் சுற்றிப் பாக்கெட்டில் வைத்தான்.

"ஏனுங் நந்து, இதைக் கேக்கறதுக்கு இத்தன நாளா?"

"பதில் சொல்லுங்க."

"அம்மணி எங்கிட்ட பெட்டியப் பத்தி ஒரு வார்த்த பேசினதில்லீங். பேசினாலும் நான் கேட்டுக்க மாட்டேன். எனக்கும் ஊட்ல ஒருத்தி இருக்கா, அரிவாமணையோட."

"அப்ப எப்படி ஏழும்?"

"உங்களப் பாத்துத்தானுங்" என்றான்.

நான் அடிக்கக் கை ஓங்குவேன் என்று நினைத்தோ என்னவோ ஓரடி பின்னால் போனான்.

"நெசமாத்தானுங். வேட்டை முடிஞ்சா எல்லாரும் நடந்த தடத்தக் குழுவுல ஏத்தறமில்ல? ரெண்டாவது பெட்டியப்ப சும்மா உங்க தடத்தப் பாத்தேன். நீங்க போறதெல்லாம் ஓரம், மதிலு, மரத்தடி, ஆளு நடமாட்டம் இல்லாத பக்கம். பெட்டி இருந்தது உழவர் சந்தைத் தராசுக்குக் கீழ. மூணாவதும் அப்படியே, பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீசு ஜன்னலு. சரி, இவரு போற பக்கத்துக்கு அக்கட்ட போயிப் பாப்பம்னு போனேன். மோட்டாரு எரிஞ்சு வந்தா எரியாத காயில் எதுன்னுதான் நான் மொதல்ல பாப்பேன். அந்தப் புத்திதானுங். அம்மணி உங்களுக்கு நேர் எதிர்ப் பக்கமாவே வெக்கறாங்க. ஏன்னு எனக்குத் தெரியாது. உங்க ஊட்டுச் சமாச்சாரம்."

"நான் எங்க போக மாட்டேன்னு அவளுக்கு எப்படி அவ்வளவு துல்லியமாத் தெரியும்?"

கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். "என்னங்க?" என்றான் சம்பத்.

"நான் வேலை பாத்த கம்பெனியில நிழல்னு ஒண்ணு செஞ்சோம்" என்றேன். "ஞாபகம் தப்பின பெரியவங்க வீட்ட விட்டு வெளிய போயிடுவாங்க இல்ல, அவங்களக் கண்டுபிடிக்க. ஒரு ஆளோட போனும் கைப்பட்டையும் ஆறு மாசம் அதோட பேசினாப் போதும், அந்த ஆளு எந்த மூலையில திரும்புவான், எதப் பாத்தா ஒதுங்குவான், எங்க உக்காருவான் எல்லாம் அது கத்துக்கும். அப்புறம் எந்த ஊர்ல கொண்டுபோய் விட்டாலும் அவன் எங்க போவான்னு வரைபடத்துல நீலமாக் காட்டும். நிச்சயமாப் போவான்னா கருநீலம். போகவே மாட்டான்னா வெள்ளை."

"போலீசுக்கு நல்லதாச்சே."

"மொதல்ல எங்களையே வெச்சுச் சோதிச்சாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்தோம். காணாமப் போனா யாருக்குக் காட்டலாம்னு ஒரு கட்டம் இருந்துது. வாணி பேரு எழுதினேன். அப்பத்தான் கல்யாணம் ஆகியிருந்துது."

"அதை நிறுத்தலீங்களா?"

நிறுத்தவில்லை. வேலையை விட்டபோது அடையாள அட்டையைக் கொடுத்தேன், மடிக்கணினியைக் கொடுத்தேன், இது ஞாபகமே வரவில்லை. கைப்பட்டை இன்னும் என் மணிக்கட்டில்தான் இருக்கிறது. ஒன்பது வருஷமாக அது என்னைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

சம்பத் கரையில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். "இன்னிக்கு நான் தேடலீங்க. நீங்களே போங்க" என்றான். அவன் இரக்கப்பட்டது எனக்கு அவன் ஜெயித்ததைவிட மோசமாக இருந்தது.

வாணி தேடுகிறவர்களை வேடிக்கை பார்க்கப் பூங்காப் பக்கம் போயிருந்தாள். டீச்சரிடம் போய், மில்லில் இருந்து வாணிக்கு அவசர அழைப்பு வரும், போனைப் பார்க்கச் சொன்னாள் என்று பொய் சொன்னேன்.

"மொதல் கை விழாமத் தரக் கூடாதேப்பா."

"எனக்குத்தான் அரை மணி நேரம் தடையாச்சே டீச்சர். வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்?"

"சரி, இங்கயே நின்னு பாத்துட்டுக் குடு."

அங்கேயே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று பார்த்தேன். பூட்டு எண் எனக்குத் தெரியும், அவள் மாற்றியதே இல்லை. செயலிகளின் கடைசிப் பக்கத்தில் நிழல் இருந்தது. திறந்ததும் குளத்தின் வரைபடம் வந்தது. கரை நெடுக நீலம். மூங்கில் புதர், பாழடைந்த பம்ப் அறை, மதில் ஓரம் எல்லாம் கருநீலம். ஆறு வருஷம் மற்றவர்களின் நீலத்தை ராத்திரி முழுக்கப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். என்னுடையதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பூச்சி ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது.

வட்டத்துக்குள் ஒரே ஒரு இடம் சுத்த வெள்ளை. மதகுக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை மீன் விற்கும் கொட்டகை. மீனுக்குக் கண் மூடாது.

நான் ஏன் அங்கே போக மாட்டேன் என்று எந்திரத்தைக் கேட்க வேண்டியதில்லை. அங்கே கூட்டம் இருக்கும். கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். அது என்னைப் பார்த்து, "இப்ப எங்க வேலை?" என்று கேட்கும். மூன்று வருஷமாக நான் அந்தக் கேள்விக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடந்திருக்கிறேன். உழவர் சந்தை, பஸ் ஸ்டாண்டு, எல்லாம் அதே கணக்கு.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அரை மணி முடிய ஒன்பது நிமிஷம் இருந்தது. காத்திருந்தேன். விதியை மீறியவன் என்று யாரும் சொல்லக் கூடாது என்று அப்போதும் நினைத்தேன், பாருங்கள்.

கொட்டகையில் இருபது பேர் நின்றார்கள். இடித்துக்கொண்டு உள்ளே போனேன். தராசு வைத்திருந்த இரும்பு மேசையின் அடியில் கைவிட்டுத் துழாவினேன். காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது பெட்டி.

"அது எங்க வாணி அம்மணியோடதுங், எடுக்காதீங்க" என்றார் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்து, "தேடற ஆளுங்களா? செரி செரி, எழுதுங்க."

"நான் அவ வீட்டுக்காரன்."

"அட, நீங்கதானா! ஞாயித்துக்கெழமையானா வந்துருவாங்களே. இந்த ஐஸ் டப்பா மேல உக்காந்து ஒரு மணி நேரம் எங்கூட வாயடிச்சுட்டுத்தான் போவாங்க. கட்லா மீனப் பாத்து இவரு எங்க மேனேஜரு மாதிரியே இருக்காருன்னு அன்னிக்கு ஒரு பேச்சு. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வகுறு புண்ணாப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லில் கூடுதல் நேரம் என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். அவளுக்கு வாயடிக்கத் தெரியும் என்பதே எனக்குச் செய்தி. ஒரு மீன்காரம்மாவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. சம்பத்தைப் பார்த்து எரிந்ததைவிட அதிகமாக.

தாளின் முதல் வரியில் எழுதினேன். நந்தகோபால், 7.49.

மேசைக்குத் திரும்பியதும் டீச்சர் விசிலை நீளமாக ஊதினார். கை தட்டினார்கள். "புருஷன்னா இவருதானுங்!" என்று ஒரு குரல். சம்பத் பெஞ்சில் இருந்தபடியே கை தட்டினான். வாணி தட்டவில்லை. டீச்சரிடம் போனை வாங்கி, எதையோ திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த பெட்டி எப்போது என்று டீச்சர் கேட்டதற்கு, "இனி நான் வெக்கல டீச்சர்" என்றாள்.

வண்டி நிறுத்திய இடத்தில்தான் பேசினோம்.

"போனை எடுத்தீங்களா?"

"எடுத்தேன். என்னை வேவு பாத்திருக்க நீ."

"வேவு பாத்தேன். ஆமா." ஹெல்மெட்டை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள். "நீங்க வேலைய விட்டுட்டு ரெண்டு நாள் காணாமப் போனீங்களே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் எப்படி. போத்தனூர் ஸ்டேஷனின் கடைசி பெஞ்சில் இருந்தேன். ரயில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எதற்கு எண்ணினேன் என்பதை அவளிடம் சொன்னதில்லை. அவள் நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "வாங்க, போலாம்" என்றாள். இத்தனை பெரிய ஊரில் என்னைத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்று அன்றைக்கு எழுந்து நடந்தேன். மூன்று வருஷமாக என்னிடம் இருந்த ஒரே சொத்து அது.

"அன்னிக்கு உங்களக் கண்டுபிடிச்சது நானில்ல" என்றாள் வாணி. "எனக்கு ஒண்ணுமே தோணல. உங்க அம்மா வீடு, ஃபிரெண்டு வீடுன்னு பைத்தியமாட்டம் சுத்தினேன். அப்புறம்தான் நீங்க என் பேரு எழுதிக் குடுத்த அந்தக் காயிதம் ஞாபகம் வந்துது. தெறந்தேன். போத்தனூரு கருநீலமா இருந்துது. நாப்பது நிமிஷத்துல வந்துட்டேன்."

ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அதுக்கப்புறம் மூட முடியல. தெனமும் பாத்தேன். மறுபடி அந்த பெஞ்சு கருக்குதான்னு. நீங்க பால் வாங்கப் போனாலும் பாத்தேன். நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடியே நீங்க எங்க போவீங்கன்னு எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தர்கூட இருந்து பாருங்க, மூச்சு முட்டும். அப்பத்தான் வெள்ளையப் பாத்தேன். அங்க நீங்க வர மாட்டீங்க. அங்க இருக்கற ஒரு மணி நேரம் உங்களப் பத்தி நான் நெனைக்க வேண்டியதில்ல. நல்லா இருந்துது. ஒவ்வொரு எடத்துலயும் ஒரு பெட்டி வெச்சேன்."

"எதுக்குப் பெட்டி?"

"யாராச்சும் வந்து போகட்டும்னு. எனக்குன்னு ஒரு எடம் இருந்துதுன்னு ஒரு நாலு பேருக்காச்சும் தெரியட்டும்னு."

போனை என் பக்கம் திருப்பினாள். மதகுக் கொட்டகையின் மேல் இளநீலம் படர்ந்திருந்தது. உழவர் சந்தை மேலும் பஸ் ஸ்டாண்டு மேலும்கூட லேசாக. இவன் இப்போது கூட்டத்துக்குள்ளும் வருவான் என்று அது புரிந்துகொண்டுவிட்டது. ஒரே காலையில் அவளுடைய எட்டு இடத்தையும் நான் எடுத்துக்கொண்டேன்.

"அழிச்சிடு அதை" என்றேன்.

"அழிச்சுட்டு? மறுபடி போத்தனூருக்குப் போனா நான் எதைத் தெறந்து பாக்கறது?" என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். வழியெல்லாம் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வெளியே போனாள். எங்கே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு அழைத்தேன். மணி உள்ளே அடித்தது. போன் சாப்பாட்டு மேசை மேல் இருந்தது. துணி அலமாரியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. பெட்டி படுக்கையோடு போகவில்லை என்பது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

போனைத் திறந்தேன். நிழலில் அடுத்த இரண்டு மணி நேரம் என்று போட்டால் ஆள் இப்போது எங்கே கிளம்புவான் என்று காட்டும். போட்டேன். மீன் கொட்டகை நீலம். மில் வாசல் நீலம். கணபதியில் ஒரு சந்தில் ஒரு புள்ளி மட்டும் கறுப்பு என்றே சொல்லிவிடலாம், அவ்வளவு அடர்த்தி. சம்பத்தின் கடை. அவளைக் காணோம் என்றால் நான் முதலில் அங்கேதான் போவேன் என்று அதற்குத் தெரிந்திருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வாணியும் இதைப் பார்த்திருப்பாள். மறந்து வைத்தாளா, நான் பார்க்கட்டும் என்று வைத்தாளா தெரியாது.

வரைபடத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஊரில் வெள்ளை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வடவள்ளிப் பக்கம் ஒன்று, சூலூர் தாண்டி ஒன்று, நடுவூரில் கைக்குட்டை அளவுக்கு ஒன்று. அந்த மூன்றில் ஒன்றில் அவள் இருப்பாள். பைக்கில் பெட்ரோல் இருந்தது. சாயங்காலத்துக்குள் மூன்றையும் பார்த்துவிட முடியும். அங்கே அவள் யாரோடு வாயடிக்கிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று கதவோரம் நின்று பார்த்துவிடலாம். பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இங்கே எழுத முடியாது.

சாவியை எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தது. சம்பத் தரையில் உட்கார்ந்து ஒரு பழைய மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் கையில் கம்பி நின்றது.

"நந்து, சத்தியமா அம்மணி இங்க வரலீங்."

"தெரியும்."

"காணமுங்களா? சித்த இருங்க, கடையச் சாத்திட்டு வர்றேன். ரெண்டு பேருமாத் தேடலாம்."

"வேண்டாம்" என்றேன். ஸ்டூல் மேல் கிடந்த ஸ்பேனரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "நீங்க வேலையப் பாருங்க. ஆறு மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

என்னுடைய கைப்பட்டை விட்டு விட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. அது கணித்தது கணித்தபடியே நடந்துவிட்டது. பொறாமைக்காரன் தான் போக வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டான். வேறு எதற்காகவும் ஒருவன் இங்கே வந்து உட்காரக்கூடும் என்பதை எழுத அதில் நிறம் இல்லை.

சம்பத் கொஞ்ச நேரம் கம்பி சுற்றினான். பிறகு கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டான். "அப்ப அம்மணியத் தேடப் போறதில்லீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "நான் இங்க இருந்தாத்தான் அந்த வெள்ளையெல்லாம் அப்படியே இருக்கும். அவ அங்க இருக்க முடியும்."